வளப்பூர் நாட்டில் செருப்போடு மிதித்த காடு

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்தே ஏழு வருஷம் போய்விட்டது. அந்த வேனில் எங்களோடு வந்தவர்களை சேந்தமங்கலம் சந்தையில் இன்றும் பார்க்கிறேன். அவர்கள் மனசு நோகுமே என்றுதான் தயங்கினேன். இப்போது வேறொரு வேன் எங்கள் பக்கத்து ஊர்களைச் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டதும், கொல்லிமலை அறப்பளீஸ்வரரை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். எட்டாவது வரை படித்த குடியானவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு சேந்தமங்கலத்தில் வேன் ஏறினோம். மூலிகைக் கம்பெனி என்று சொல்லிக்கொண்ட ஒன்றின் வேன் அது. கொல்லிமலையில் மருந்துக் கிழங்குத் தோட்டம் காட்டுகிறோம், கோயிலுக்கும் கூட்டிப்போகிறோம், சாப்பாடு எங்கள் செலவு என்றார்கள். இத்தனையும் சும்மா தருகிறவன் எதை வாங்கப் போகிறான் என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

என் மனைவியின் தம்பி செல்வராசுக்கு அப்படி ஒன்றும் உறுத்தவில்லை. கிணற்று மேட்டில் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, ஐந்து மாசப் பயிர், நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு மருந்துக் கிழங்கு நட அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவதாக இருந்தான். "நீங்க கூடப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என் மனைவிதான் என்னை அனுப்பினாள். அவர்கள் வீட்டுக்கு அந்த இரண்டு ஏக்கர்தான் சோறு.

"குச்சிக்கிழங்கை வெச்சு எவன் முன்னுக்கு வந்தான் மாமா? ஜவ்வரிசி மில்லுக்காரன் சொல்றதுதான் விலை. ஏத்துக்கூலி போக மிச்சம் கையத் தொடச்சுக்க வேண்டியதுதான்" என்றான் செல்வராசு.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

காரவள்ளி தாண்டியதும் மலைப்பாதை. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கம்பெனி ஆள் எழுந்து நின்று பேசிக்கொண்டே வந்தார். வெளிநாட்டில் இந்தக் கிழங்குக்கு அடிதடி, நம் நாட்டு விவசாயத்துக்கு இனிமேல்தான் விடிவு என்றார். சோளக்காட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மலைவாழைப்பழம் ஒரு சீப்பு எட்டு ரூபாய். என் காசில் வாங்கிக்கொண்டேன். அவர்கள் வாங்கித் தந்த டீயை வேண்டாம் என்றேன்.

பத்து மணி சுமாருக்கு வளப்பூர் நாட்டில் ஒரு சரிவில் இறங்கினோம். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அரை ஏக்கர் இருக்கும். பச்சைப்பசேல் என்று வரிசை வரிசையாகச் செடி. ஒரு வருஷத்துப் பயிர், அடியில் கிழங்கு முற்றிக் கிடக்கிறது என்றார் கம்பெனி ஆள். நிலத்துக்காரர் கைகட்டி நின்றார். ஐம்பது வயசு இருக்கும். அவர் பேரை எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், எழுதவில்லை.

நான் வரப்பிலேயே செருப்பைக் கழற்றினேன். பயிர் நிற்கிற காட்டுக்குள் செருப்போடு கால் வைப்பது எங்களுக்கு வழக்கமில்லை. கம்பெனி ஆள் பூட்ஸோடு உள்ளே போனார். டவுன்காரர், போகட்டும். ஆனால் நிலத்துக்காரரும் டயர் செருப்போடு டப்டப்பென்று பின்னாலேயே நடந்தார்.

அது என் மனசில் முள்ளாய்த் தைத்தது. மலைக்காரர்கள் நம்மைவிடக் கட்டுப்பாடானவர்கள் ஆயிற்றே.

மற்றவர்கள் கிழங்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று நிலத்துக்காரரைக் கேட்டேன். "மேல ஊட்டுக்கு வாங்க சாமி" என்றார். செல்வராசையும் இழுத்துக்கொண்டு போனேன். வழியில் அவருடைய சாமைக் காடு, கதிர் வாங்கி நின்றது. காட்டு ஓரம் வந்ததும் அவர் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கதிர்களை விலக்கி நடந்தார்.

"ஏனுங்க, கீழ செருப்போட போனீங்க. இங்க கழட்டறீங்களே?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "இது சாமி இருக்கற காடுங்க."

"அப்ப அது?"

சாய்ந்திருந்த ஒரு கதிரை நிமிர்த்திவிட்டார். பிறகு சொன்னார்: "போன வாரம் லாரில கொண்டாந்து வெச்சாங்க. காட்டறதுக்கு எனக்கு வாடகை. ரேசன் அரிசி வந்த பொறவு சாமைய எவன் கேக்கறானுங்க? வெளைய வெச்சா ஒண்ணும் வாரதில்ல. வெளைஞ்ச மாதிரி காட்டுனா வருது. எம் பேரு மட்டும் வெளிய வேண்டாமுங்க."

செல்வராசு சிரித்துவிட்டான். "செருப்பப் பாத்து சோசியம் சொல்றீங்களா மாமா? இந்தாளு கம்பெனிகிட்ட வாடகை ஏத்திக் கேக்கறதுக்குப் பொய் சொல்றான்."

தண்ணீர் குடித்துவிட்டு மூவரும் இறங்கினோம். செல்வராசு நேராகக் காட்டுக்குள் போனான், தன் செருப்போடு. குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். முக்கவே வேண்டியிருக்கவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு செடி அப்படியே கையில் வந்தது. கிழங்கு இல்லை. பை கூடக் கிழியவில்லை. அடுத்த ஊருக்கு எடுத்துப்போக வசதியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி ஆள் ஓடி வந்தார். "அது புது வரிசைங்க! நேத்து நட்டது!"

"அப்பப் பழைய வரிசை எதுங்க? நானே புடுங்கிப் பாக்கறேன்" என்றான் செல்வராசு. கம்பெனி ஆள் அவசரமாக வேன் பக்கம் நடந்தார்.

வேனில் இருந்தவர்களிடம் சொன்னோம். இரண்டு பேர் காது கொடுத்தார்கள். "நாங்க நல்லாருந்தா உங்களுக்குப் பொறுக்காதா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, விதைக்கிழங்குக்குப் பணமும் கட்டினார்கள். அவர்கள் நட்ட கிழங்கை வாங்க யாரும் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

நாங்கள் வேனில் ஏறவில்லை. கோயிலுக்கு நடந்தே போய் அறப்பளீஸ்வரர் சன்னிதியில் நின்றோம். செல்வராசு கண்ணை மூடியபடியே, "குச்சிக்கிழங்கே நிக்கட்டும் மாமா" என்றான். அது போதும் என்று விழுந்து கும்பிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வந்தோம். மறுநாள் காலையில் என் காட்டுக்குப் போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றக் குனிந்தவன் நின்றுவிட்டேன். மலைக்குப் போவதற்கு முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்திருந்தோம். காலில் படக்கூடாது என்று செருப்போடுதான் இறங்கவேண்டும். மருந்து அடிக்கிற நாளெல்லாம் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். மலைமேல் சந்தேகத்தோடு பார்த்த கண், அன்று என் கால்களையே பார்த்தது. எங்கள் காட்டில் சாமி இன்னும் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

இதைப் படிக்கிறவர்கள், வேன் வரும் ஊர்களில் உள்ள சொந்தபந்தத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அந்த மலைக்காரரைத் திருடன் என்று ஒரு வார்த்தை சேர்க்கவேண்டாம். உத்தமர் என்றும் சேர்க்கவேண்டாம். ஒரு காட்டில் செருப்போடு நடந்தார், இன்னொரு காட்டில் கழற்றினார். அவ்வளவுதான் நான் கண்டது.