வெள்ளைமேட்டுப் பொத்தான்கள்

தம்பியைக் காட்டிக் கொடுத்தவள் என்றுதான் ஸவுட்புட் ஊரில் டோர்க்கா லிங்க்ஸைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்தத் தம்பியின் பெண்டாட்டி நான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம்.

அம்மா செத்தபோது அப்னர் தவழ்கிற பிள்ளை. டோர்க்காவே அப்போது சிறுமிதான். அவனை முதுகில் கட்டிக்கொண்டே அப்பாவின் வெள்ளாடுகளை மேய்த்தாள். ஒரு ஆட்டின் மடியில் நேராக அவன் வாயை வைத்துப் பால் குடிக்கப் பழக்கினாள் என்பார்கள். அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "தம்பி பெரியவனாகட்டும்" என்று அனுப்பிவிட்டாள். தம்பி பெரியவனாகி என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

எங்கள் ஆட்டுப்பட்டி ஊரிலிருந்து தள்ளி, வெள்ளைமேட்டின் அடியில் இருந்தது. மேடு முழுக்கப் பளிங்கு மாதிரி வெளுத்த வெங்கச்சங்கற்கள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் கையை வைத்தால், பக்கத்துச் செம்மண் சுடுகிற அளவுக்கு அந்தக் கற்கள் சுடாது. அவற்றுக்கு நடுவில்தான் பொத்தான் செடிகள் இருந்தன. பட்டாணி அளவில் பச்சை உருண்டை, உச்சியில் ஒரு சின்னக் கீறல். இரண்டு இலைகள் ஒட்டிப்போய் அப்படி ஆகிவிட்டன என்பாள் டோர்க்கா. கோடை வந்தால் பூண்டுத்தோல் மாதிரி காய்ந்து சுருங்கிவிடும். செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தோலுக்குள்ளே பழைய இலையின் நீரைக் குடித்துப் புது இலை வளர்ந்துகொண்டிருக்கும். இலையுதிர்காலத்தில் கடல் பக்கமிருந்து மூடுபனி வந்து கற்களை நனைத்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கீறலிலிருந்து உடம்பைவிடப் பெரிய பூ ஒன்று எழும்பும்.

அந்த நாட்களில் டோர்க்கா மந்தையை மேட்டின் மேல் ஏறவிட மாட்டாள். சுற்றிக்கொண்டு ஓட்டிப் போவாள். அப்னருக்கு அது கேலி.

"ஏன்க்கா, இத்தனை பொத்தான் வச்சிருக்கியே, சட்டை எப்போ தைக்கப் போற?"

"உன் வாயைத் தைக்கத்தான்டா வச்சிருக்கேன்" என்பாள் அவள்.

பிறகு மழை நின்றுபோனது. ஒரு குளிர்காலம் பொய்த்தது, அடுத்ததும் பொய்த்தது. ஆடுகள் முதலில் குட்டி போடுவதை நிறுத்தின, பிறகு நிற்பதையே நிறுத்தின. விழுந்த ஆட்டை வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவாள் டோர்க்கா. கையை எடுத்தால் மறுபடி விழும். ஊரில் இருந்த தாமிரச் சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆகியிருந்ததால் அப்னருக்கு வேறு வேலையும் இல்லை.

அப்போதுதான் அவன், வேலி போடும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தினமும் கிளம்பினான். மாவு வந்தது, எண்ணெய் வந்தது, மகள் மீர்ட்டாவுக்குச் செருப்பு வந்தது. டோர்க்காவுக்குப் பட்டியில் ஆடே இல்லாததால் மேட்டுப் பக்கம் போக வேலையில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

ஒருநாள் காலையில் ஒரு போலீஸ்காரரும், செடிகளைப் பற்றிப் படித்த ஃபெலிசியா என்ற பெண் அதிகாரியும் வந்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு காரைப் பிடித்திருந்தார்கள். உள்ளே பெட்டி பெட்டியாகப் பொத்தான் செடிகள். எங்கோ கடல் கடந்து ஜன்னல் ஓரத்தில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்காக வேரோடு பிடுங்கியவை. எந்த மேட்டிலிருந்து வந்தவை என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியில் இருந்து டோர்க்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கீறலின் ஓரத்தில் சிவப்புக் கோடு, அதைச் சுற்றிக் கரும்புள்ளிகள். பக்கத்து மேட்டுச் செடிக்கு அந்தக் கோடு கிடையாது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது, தெரிந்தவரைப் பார்த்ததுபோல. அடுத்த நொடி அது போய்விட்டது. வெள்ளைமேட்டுக்கு எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யார் போகிறார்கள்?

அவள் எழுந்து போய் அவர்களுக்குத் தேநீர் போட்டாள். கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த இடம்னு சொன்னா, திரும்ப அங்கேயே நட்டுடுவீங்களா?"

"முயற்சி பண்ணுவோம்மா. இடம் தெரிஞ்சாதான் எதுவுமே பண்ண முடியும்" என்றாள் ஃபெலிசியா.

"வெள்ளைமேடு."

"அங்க யாரும்மா போவாங்க?" என்றார் போலீஸ்காரர்.

"மதினி!" என்று நான் கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நான் போவேன். என் தம்பி போவான்" என்றாள்.

அன்று மாலை அப்னரை அழைத்துப்போக வந்தபோது அவன் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. வாசலில் நின்று அக்காவைப் பார்த்துக் கேட்டான்.

"செடிக்காகவாக்கா?"

"என்கிட்ட கேட்டிருந்தா ஆட்டை வித்துக் குடுத்திருப்பேனேடா."

"உன் ஆடு எங்கக்கா இருக்கு? எலும்புதான் கிடக்கு. அதை எவன் வாங்குவான்?"

வண்டி போனதும் நான் அவளைச் சொல்லாத சொல் இல்லை. "பெத்திருந்தா இப்படிச் செய்வியா? மலடி!" என்றும் சொன்னேன்.

அப்னருக்குச் சிறை. காரை அனுப்பியவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தேவாலயத்தில் டோர்க்கா உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. தினமும் விடிந்ததும் என் வாசலில் ஒரு கட்டு விறகு கிடக்கும். நான் தொடமாட்டேன். மீர்ட்டாதான் உள்ளே இழுத்துப் போடுவாள்.

செடிகள் திரும்ப வரவில்லை. அதைச் சொல்ல ஃபெலிசியா தானே நேரில் வந்தாள். பல மேட்டுச் செடிகளோடு ஒரே பெட்டியில் அடைந்து கிடந்ததில் பூஞ்சணம் பிடித்திருந்ததாம். திரும்ப நட்டால் மிச்சமிருப்பதும் அழுகிவிடுமாம். பிழைத்தவற்றை நகரத்தில் கண்ணாடி வீட்டில் தொட்டியில் வைத்திருக்கிறார்களாம்.

"அப்போ நான் எதுக்கும்மா வாயைத் திறந்தேன்?" என்று கேட்டாள் டோர்க்கா. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதன் பிறகு டோர்க்கா மறுபடி மேட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ஆடு இல்லாமல் இவளுக்கு அங்கே என்ன வேலை என்று, சண்டை போடும் எண்ணத்தோடுதான் ஒருநாள் நானும் பின்னால் போனேன். மேடு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. அவள் ஒரு பாறை இடுக்கின் முன்னால் குப்புறப் படுத்திருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். இடுக்கில் தப்பித்த நாலைந்து செடிகளின் காய்ந்த விதைக்கூடுகள் மேல் விரலால் துளித்துளியாகச் சொட்டினாள்.

"என்ன மதினி பண்ற?" என் வாயிலிருந்து அந்த முறைச் சொல் தானாக வந்துவிட்டது.

"மழைத்துளி பட்டாத்தான் இது திறக்கும் ஸ்டீனா. காஞ்சா மூடிக்கும். மழையைக் காணோம், அதான் நான் ஏமாத்திப் பாக்குறேன்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடு நட்சத்திரம் மாதிரி விரிந்தது. அடுத்த துளி விழுந்ததும் தூசு போன்ற விதைகள் தெறித்தன. ஒரு சாண் தூரம்கூடப் போகவில்லை. அவ்வளவுதான் அவற்றால் போக முடியும் என்றாள். இந்த மேட்டில் தீர்ந்தால் வேறெங்கிருந்தும் நடந்து வராது என்றாள்.

"முளைக்குமா?"

"யாருக்குத் தெரியும்? முளைச்சாலும் பொத்தானா ஆகுறதைப் பாக்க நான் இருக்க மாட்டேன்."

அப்னர் திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தான். சிறையில் காசநோய் பிடித்திருந்தது. டோர்க்கா வாசலில் வந்து நிற்பாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். அடுத்த நாளும் வருவாள்.

ஒரு மூடுபனிக் காலையில் அவனே கேட்டான். "அக்கா சாப்பிட்டாளா?"

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அடுப்பில் இருந்த மக்காச்சோளக் கஞ்சியைப் பானையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கரண்டி குடித்தான்.

"அந்த மேட்டுல ஏதாவது மிச்சம் இருக்காக்கா?"

"பாறை இடுக்குல இருக்குடா."

"அங்க நான் கையை விடல. பாம்புக்குப் பயந்துட்டேன்."

"நீ சின்ன வயசுலயே பயந்தாங்கொள்ளி" என்றாள் டோர்க்கா. அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்கவே மாட்டேன் என்றது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

வசந்தம் முடிவதற்குள் அப்னர் போய்விட்டான். அடக்கத்துக்கு ஊரே வந்தது. டோர்க்கா மட்டும் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நான் போய் அவள் கையைப் பிடித்தேன். "இவளை எதுக்கு?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அவனை வளர்த்தவ. முதல் மண்ணு அவதான் போடணும்" என்றேன்.

அவள் குனிந்து மண்ணை அள்ளினாள். ஆனால் போடவில்லை. மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். பாதிரியார் காத்திருந்தார். கடைசியில் மீர்ட்டா வந்து அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.