முதல் மதிப்பெண் வாங்கிய கை

என் அக்கா முதலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். கடைசி பெஞ்சில் தூங்கிய ஒருவன் மேல் டஸ்டரை வீசி, அவன் புருவத்தில் நாலு தையல் போட வைத்தாள். வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் ஆன்லைன் பாடம் தயாரிக்க வந்தாள். "இதுல எவனும் என் கைக்கு எட்ட மாட்டான்டி. எனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது" என்று சிரிப்பாள்.

அவள் சேர்ந்தது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில். தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் பிரஸ் மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். மாணவர்கள் ஆறு வாரம் வீட்டிலிருந்து போனில் படிக்க வேண்டும். பிறகுதான் மெஷின். இரும்புத் தலை நிமிடத்துக்கு நாற்பது முறை இறங்கும். இறங்குமிடத்தில் தகரம் இருக்கிறதா, விரல் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

அக்காவின் பாடங்கள் நாலு நிமிடத்தைத் தாண்டாது. "அஞ்சாவது நிமிஷம் கடவுளே வந்து பேசினாலும் தள்ளிவிட்டுடுவான்" என்பாள். சொல்லித்தரும் மாஸ்டரின் முகம் தெரிந்தால்தான் பிள்ளைகள் கேட்பார்கள் என்று, மெஷினுக்கு எதிரே கேமராவை வைத்து எடுத்தாள். அந்தப் படத்திலிருந்தே ஒரு விளையாட்டும் செய்தாள். திரையில் பிரஸ் ஓடும். திடீரென்று தகடு சிக்கும். அரை நொடிக்குள் சிவப்புப் பொத்தானை அடிக்க வேண்டும். தவறினால் காதைக் கிழிக்கும் அலறல், மறுபடி ஒன்றிலிருந்து. 'தேடாதே, அடி' என்று மேலே எழுதியிருக்கும். பஸ்ஸிலும் கக்கூஸிலும் உட்கார்ந்து அடித்தார்கள். மாஸ்டர் மட்டும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போன்ல மெஷின் ஓட்டுறதா? அப்போ போன்லயே சம்பளத்தையும் வாங்கிக்கட்டும்" என்றார்.

முதல் மதிப்பெண் ஒரு பெண்ணுக்கு. மின்னல் என்று மற்றவர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் முறை அடித்து ஒருமுறைகூடத் தவறாதவள். பரிசாக, மற்றவர்களுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமையே அவளை மெஷினில் உட்கார வைத்தார்கள்.

அன்று மாலை மேலாளர் போன் செய்தார். விரலில் அடி, அந்தப் பெண்ணின் கவனக்குறைவு, நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம் என்றார்.

அக்கா சமையலறைக் கதவை உதைத்ததில் கீல் பெயர்ந்தது. "ரெண்டாயிரம் தடவை தப்பாதவளுக்குக் கவனக்குறைவாம்!" ஞாயிறு முழுக்கத் தன் வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார முடியாமல், படப்பிடிப்புக்கு விளக்குப் பிடிக்க அவளோடு போய்க்கொண்டிருந்தேன். அதனால் திங்கட்கிழமை காலை, நிலையத்தில் அவள் பாடம் தயாரிக்கும் அறையில் நானும் இருந்தேன்.

மின்னலின் அண்ணன் லாரி மெக்கானிக். வீல் ஸ்பானரோடு வந்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் முதல் மானிட்டரை உடைத்தான், பிறகு இரண்டாவதை. கண்ணாடி என் கழுத்தில் வந்து குத்தியது.

"யாருடி இங்க டீச்சர்?"

"நான்தான்" என்று அக்கா எழுந்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து அவள் முகத்தில் வீசினான். "முதல் மார்க்கு! மூணு விரல் போச்சு. இதை வச்சு ஒட்டிக்கவா?"

ஸ்பானர் இறங்கியது. அவள் தடுத்த வலது முன்கையில் விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். அவள் கீழே விழுந்தாள்.

"எந்தக் கை?" என்றாள்.

"என்னது?"

"அவளுக்கு. எந்தக் கை தம்பி?"

"இடது. ஏன், கைக்கும் மார்க்குப் போடப் போறியா?" என்று அவள் விலாவில் உதைத்தான்.

சிதறாமல் எஞ்சியிருந்த மூன்றாவது திரையில் அக்கா எடுத்த பாடம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்து பார்த்த மெஷின். சிவப்புப் பொத்தான் திரையின் இடப்பக்கம். மெஷினில் உட்காருபவனுக்கு அது வலப்பக்கம். இடப்பக்கம் அதே உயரத்தில் இருப்பது, கழிவுத் தகரம் வெளியே விழும் திறப்பு. அதற்குள் போகும் கை நேராக இரும்புத் தலைக்கு அடியில் போய் நிற்கும்.

அக்கா அந்த மெஷினின் எதிரே எத்தனையோ நாள் நின்றிருக்கிறாள். அதன் இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"மணி என்னடி?"

"ஒன்பது ஐம்பத்தேழு" என்றேன்.

பத்து மணிக்கு அடுத்த பன்னிரண்டு பேர் மெஷினில் உட்காருகிறார்கள். தொங்கும் கையோடு அவள் ஓடினாள். "எங்கடி ஓடுற?" என்று அவன் துரத்தினான். "இன்னும் பன்னிரண்டு பேருடா!" என்று திரும்பாமலே கத்தினாள்.

பட்டறை வாசலை மேலாளர் மறித்தார். உள்ளே மோட்டார்கள் உறுமத் தொடங்கியிருந்தன. "போலீஸுக்குச் சொல்லியாச்சு மேடம். ரூமுக்குப் போங்க."

"மெஷினை நிறுத்துங்க சார். பாடம் தப்பு."

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் பாஸ். அதுல என்ன தப்பு?" அவர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அக்கா அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை. அவர் கூவிக்கொண்டே அவள் தலையைச் சுவரில் மோதினார்.

மெக்கானிக் ஒரு கணம் இருவரையும் பார்த்தான். பிறகு உள்ளே பாய்ந்து மெயின் சுவிட்ச் பெட்டியில் ஸ்பானரை இறக்கினான். நீலப் பொறி பறந்தது. உறுமல் அடங்கியது.

நெற்றியில் ரத்தம் வழிய அக்கா நடுவில் போய் நின்றாள். பன்னிரண்டு பேரும் இருக்கைகளில் உறைந்திருந்தார்கள்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. மெஷின் ஓடுதுன்னு நினைச்சுக்கங்க." கொஞ்சம் பொறுத்தாள். "தகடு சிக்கிடுச்சு! அடி!"

ஒரே நொடியில் பதினொரு இடது கைகள் பாய்ந்தன. பதினொன்றும் அந்தத் திறப்புக்குள் மணிக்கட்டு வரை போயின. ஒருத்தி மட்டும் வலப்பக்கம் தடவிக்கொண்டிருந்தாள். அவள் தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.

"கண்ணைத் திறங்க" என்றாள் அக்கா.

யாரும் கையை வெளியே எடுக்கவில்லை. ஒரு பையன் இருந்த இடத்திலேயே வாந்தி எடுத்தான்.  மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது.

போலீஸ்காரர் வந்து, "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார்.

"ரெண்டு குற்றம் எழுதிக்கங்க சார்" என்றாள் அக்கா. "என் கையை உடைச்சது அவன். அவன் தங்கச்சி விரலை எடுத்தது நான். என்னுதை முதல்ல எழுதுங்க."

பாடத்தை அன்றே இணையத்திலிருந்து இறக்கினார்கள். மாவுக்கட்டோடு அவள் மெஷின் இருக்கையில் உட்கார்ந்து, நெற்றியில் கேமராவைக் கட்டி, உட்காருபவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே எல்லாவற்றையும் புதிதாக எடுத்தாள். நான் விளக்குப் பிடித்தேன்.

அது முடிந்த மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மின்னல் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட இடது கை போர்வையின் மேல் சட்டென்று எழுந்து, பக்கத்துக் கம்பியில் மோதியது. வலியில் விழித்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"தூங்கினா இது தானா அடிக்குது டீச்சர். நேத்து தையல் பிரிஞ்சிடுச்சு." குரலில் கோபம்கூட இல்லை. "இதை மறக்க வைக்கிறதுக்கு ஏதாவது கோர்ஸ் இருக்கா?"

அக்கா கட்டிலின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து, அந்தக் கம்பிக்கும் கைக்கும் நடுவே தன் மாவுக்கட்டை வைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அதன்மேல் ஏழு முறை அடி விழுந்தது.