சூரியன் மேல் அடிக்கும் காற்றும் என் கிழக்கு ஜன்னலும்

பனி கொட்டும் காலையில் ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டுப் பற்கள் கிட்டிக்க நிற்பதை ஜெர்மனியில் ‘லுஃப்டன்’ என்கிறார்கள். காற்றோட்டமாம். செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். என் படுக்கையறையில் பிடித்தது. வீட்டுக்காரம்மா திருமதி ஷ்மித் பார்த்துவிட்டு, "அடுத்த மாதம் வருவேன். இப்படியே இருந்தால் வேறு வீடு பாருங்கள்" என்றார்.

வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே காற்றுதான். சூரியனைச் சுற்றியுள்ள விண்மீனிடை வாயுவை அளக்கும் குழுவில் இருக்கிறேன். சூரியன் வெற்றிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மெல்லிய வாயு மேகம் ஒன்றுக்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஓர் அணு இருந்தாலே அதிகம். ஆனாலும் அது விருச்சிகத்துப் பக்கமிருந்து நம்மீது காற்றாக வீசுகிறது, நொடிக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். கடலூரில் கிளம்பினால் ஒரே நொடியில் பண்ருட்டி. டவுன் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பிக்கு இது வேடிக்கை. "எங்க ஊர்க் கோயில்ல ஆகாசத்தத் திரைய வெலக்கிக் காட்டுறாங்க, நாங்க கன்னத்துல போட்டுக்கிறோம். உங்களுக்கு அதுக்குச் சம்பளமே குடுக்குறாங்களா மாமா?"

அப்பேர்ப்பட்ட நான் ஜன்னலைத் திறக்காததற்குக் காரணம் என் சொந்த ஊர் கடலூர். பள்ளி நாட்களில் ஒரு புயலின்போது பேய்க்காற்று பட்டென்று நின்றது. தெருவே வெளியே வந்து தேங்காய் பொறுக்கியது, நானும்தான். புயலின் கண் அது என்று யாருக்குத் தெரியும்? எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. தேங்காய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்றிலிருந்து நிற்கிற காற்றை நான் நம்புவதில்லை.

இருந்தாலும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். பூஞ்சை போனது. ஷ்மித் அம்மா வரும் நாளில் வாசற்கதவு முதல் எல்லாவற்றையும் திறந்து, குரங்குக் குல்லாயோடு காத்திருந்தேன். மச்சானிடமிருந்து போன்.

"மாமா, கடலூர் ஹார்பர்ல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்க. உங்க அம்மாவ இங்க இட்டாந்துட்டோம், கவலப்படாதீங்க."

"காத்து எப்படி?"

"சுத்தமா இல்ல மாமா."

அதுதானே வில்லங்கம்! போனை வைத்த மறு நிமிடம் என் கைகள் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருந்தன. கிழக்கு ஜன்னலின் அடியில் லுங்கியைத் திணிக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல்.

"ஏன் மூடுகிறீர்கள்?"

"புயல் வருகிறது."

ஷ்மித் அம்மா வெளியே பார்த்தார். ஓர் இலை அசையவில்லை. "எங்கே?"

"கடலூரில்."

போனில் வங்கக் கடலையும் அதன்மேல் வெள்ளைச் சுருளையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். போய்ச் சுவரைத் தடவி, மோந்தும் பார்த்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தவர், கிழக்கு ஜன்னலில் மட்டும் லுங்கியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"இது, அங்கே புயல் ஓயும்வரை."

சூரியன் இந்த மேகத்தைவிட்டு வெளியேறச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம். எனக்கும் இப்போதைக்கு வீடு இருக்கிறது. மேற்கு ஜன்னல் வழியாக ஜெர்மனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கிழக்கே, கடலூர் நுழையாமல் லுங்கி பார்த்துக்கொண்டது. நடுவில் குல்லாயோடு நான்.