மணியண்ணையைப் பார்த்துக் கத்துவது எப்படி

போன சனிக்கிழமை குழம்புக்கு வெங்காயம் உரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உரித்து முடித்தால் வெட்ட வேண்டியதுதானே? என் கை கேட்கவில்லை. மூன்று வெங்காயத்தைப் பலகையில் வரிசையாக வைத்தேன். அவற்றுக்குப் பின்னால் ஒன்றைத் தனியாக வைத்து, அதை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன்.

"என்னப்பா, வெங்காயத்தோட என்ன விளையாட்டு?" என்று மனைவி கேட்டார்.

"இது லிபரோ" என்றேன்.

"எதெண்டாலும் பரவாயில்லை, சின்னனா வெட்டுங்கோ."

வெட்டினேன். கண் எரிந்தது. அந்த எரிச்சலோடு ஹைம் குசினி, அந்தப் பொதுச் சமையலறை, ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஹைம் என்று நாங்கள் சொன்னது அகதிகள் விடுதியை. எங்களுடையது மூடிக்கிடந்த ஒரு பழைய சத்திரம். எண்பத்தைந்தாம் ஆண்டு, ஒரு சின்ன ஜெர்மன் ஊர், இருபத்திரண்டு ஆண்கள், இரண்டு அடுப்பு. வேலை செய்ய அனுமதி இல்லை. எங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை. நித்திரை கொள்ளலாம், சமைக்கலாம், கடிதம் வருகிறதா என்று பார்க்கலாம். இந்த மூன்றையும் ஒரு மனிதன் எத்தனை தரம் செய்வான்? ஆகவே பின் முற்றத்தில் பந்தடித்தோம்.

அதை மதிலுக்கு மேலால் பார்த்தவர் ஹெர் லுட்விக். ஹெர் என்றால் அங்கே ஐயா. ஓய்வுபெற்ற தபால்காரர். ஊர்க் கழகத்தின் மூன்றாவது அணிக்குப் பயிற்சியாளர். பயிற்சியாளர் இருந்தார், அணிதான் இருக்கவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சைப் புல்லில் விட்டார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அன்றிலிருந்து எங்கள் கிழமையில் இரண்டே நாட்கள்தான் இருந்தன. மற்ற ஐந்தும் அந்த இரண்டுக்கும் காத்திருக்கும் நாட்கள்.

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. பந்து எங்கேயோ அங்கே பத்துப் பேரும் போவோம். கோல் காப்பவரும் சில நேரம் வருவார். ஹெர் லுட்விக் இதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் குசினிக்கே வந்து மேசையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பரப்பினார். வெங்காயம் நாங்கள், உருளைக்கிழங்கு எதிரணி. செல்வம்தான் மொழிபெயர்ப்பு. அவன் எங்களைவிட ஆறு மாதம் முன்னம் வந்தவன், அதனால் பண்டிதன்.

"ஒவ்வொருத்தனுக்கும் ஒரு விலாசம் இருக்காம். அந்த விலாசத்தை விட்டுப் போகக் கூடாதாம்" என்றான் செல்வம்.

"விலாசம் இருந்தா நாங்கள் ஏன் இஞ்ச வாறம்?" என்றார் மணியண்ணை.

மணியண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பு பஸ் கண்டக்டர். எங்களுக்குள் மூத்தவர், என்னைவிடப் பதினொரு வயது கூட. ஹைமில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கஞ்சி வைப்பவர் அவர். அன்றும் கூட்டம் முடிந்த கையோடு வெங்காயங்களை அள்ளிக்கொண்டு போய்ச் சமைத்துவிட்டார். ஹெர் லுட்விக் மறந்துவிட்டுப் போன தொப்பியை எடுக்கச் சைக்கிளில் திரும்பி வந்தபோது எங்கள் பின்வரிசை முழுதும் கறியில் கிடந்தது. ஒரு கோப்பை சாப்பிட்டார். அழுதார். உறைப்பால்தான் என்று நினைக்கிறேன்.

விலாசத் திட்டம் சரிவரவில்லை. அடுத்தது ஆளுக்கு ஆள். எதிரணியில் ஒருவனைப் பிடித்துக்கொள், அவன் போகுமிடமெல்லாம் போ. இது எங்களுக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதுதான் பிழையாகப் போய்விட்டது. செல்வம் பிடித்த ஆள் கால் சுளுக்கி வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தான். செல்வமும் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டான். நோகுதோ என்று விசாரித்து, காலையும் உருவிவிட்டான். நாங்கள் பத்துப் பேரோடு ஆடிக் கோல் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது திட்டத்தில்தான் நான் அகப்பட்டேன். எல்லோரும் பந்தை நோக்கி ஓட, நான் மட்டும் பின்னுக்கு நிற்பதை ஹெர் லுட்விக் கவனித்திருக்கிறார். ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்தவன் என்று முடிவுகட்டிவிட்டார். உண்மை என்னவென்றால், எனக்குக் கூச்சம். பந்து வந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம். அந்தக் கூச்சத்துக்கு ஜெர்மன் பெயர் லிபரோ என்று அப்போதுதான் அறிந்தேன். கடைசியில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்து, முன்னால் நிற்பவர்களுக்குக் கட்டளையிட வேண்டும். நான்! பேக்கரியில் ஒரு பாண் கேட்கவே மூன்று பேரை முன்னுக்குப் போகவிட்ட நான்!

எனக்கு முன்னால் இடப்பக்கம் நின்றது மணியண்ணை. ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தால் ஒருவன் பந்தோடு வந்தான்.

"மணியண்ணை, குறை நினையாதேங்கோ, கொஞ்சம் பின்னுக்கு வாறியளே?" என்றேன்.

மணியண்ணையும் மரியாதை தெரிந்தவர். முழுதாகத் திரும்பி, காதில் கைவைத்து, "என்ன தம்பி சொன்னனீர்?" என்று கேட்டார். நான் திரும்பவும் சொல்லத் தொடங்கினேன். பந்து அதற்குள் வலைக்குள் போய்விட்டது.

இப்படியே அந்தப் பருவம் போனது. கடைசி ஆட்டத்துக்கு முன்னம் கழகத் தலைவர் வந்தார். ஒரு புள்ளிகூட இல்லாத அணிக்கு மைதானம் கொடுக்க ஏலாது என்றார். சனிக்கிழமையும் புள்ளி வராவிட்டால் மூன்றாவது அணி கலைக்கப்படும். செவ்வாய்ப் பின்னேரத்தை நாய் பழக்குகிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று ஹைமில் சமைக்கும்போதுதான் அந்தக் கதை வந்தது. "அதுவும் சரிதான்" என்றார் மணியண்ணை. "நாய் இரு எண்டா இருக்குது. நாங்கள் இருக்கிறமே?" சிரித்தோம். சிரித்து முடிந்ததும், செவ்வாய் இல்லாத கிழமையை ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணிப் பார்த்திருப்போம்.

கடைசி ஆட்டம். இடைவேளையில் இரண்டுக்குப் பூச்சியம், நாங்கள்தான் பூச்சியம். உடைமாற்றும் அறையில் ஹெர் லுட்விக் என் முன்னால் வந்து குந்தினார். நீ எல்லாவற்றையும் பார்க்கிறாய், ஏன் கத்துகிறாய் இல்லை என்று கேட்டார். எனக்குப் பதிலாக, செல்வம் விளங்கப்படுத்தினான்: அவர்கள் அண்ணைமார், அண்ணைமாரை ஏவ முடியாது, கேட்கத்தான் முடியும். கேட்க நேரம் எடுக்கும்.

"அப்ப என்ன, என்னை டேய் மணி எண்டு கூப்பிடப்போறானோ?" என்றார் மணியண்ணை. அறை முழுதும் சிரித்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

ஹெர் லுட்விக் யோசித்துவிட்டு ஒரு வசனம் சொன்னார். செல்வம் மொழிபெயர்த்தான்: "ஜெர்மனில கத்தட்டாம். ஜெர்மனில அண்ணை இல்லையாம்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் மணியண்ணையைப் பார்த்தோம். அவர் சப்பாத்து நூலை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஜெர்மனில எண்டாப் பரவாயில்லை. அது என்னைச் சொல்லிற மாதிரி இராது."

ஆனால் என்னிடம் என்ன ஜெர்மன் இருந்தது? வெளிநாட்டவர் அலுவலக நடைகூடத்தில் மணிக்கணக்காக நின்று காதில் ஏறிய சொற்கள் மட்டும்தான். அங்கே ஒரு பெண்மணி கதவைத் திறந்து சத்தமாகச் சொல்வார். 'வார்ட்டன்' என்றால் நில், காத்திரு. 'நெக்ஸ்டர்' என்றால் அடுத்த ஆள். 'அப்கெலேண்ட்' என்றால் உன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இந்த மூன்றையும் எங்களில் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. எலும்புக்குள் இறங்கிய சொற்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மணியண்ணை வழக்கம்போல் பந்தைக் கண்டதும் பாயப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "வார்ட்டன்!"

மணியண்ணை அப்படியே நின்றார். கவுண்டருக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக்கூடக் கட்டிக்கொண்டார். பந்தோடு வந்தவன், இந்த மனிதன் ஏன் கைகட்டி நிற்கிறான் என்று தடுமாற, வலப்பக்கத்தில் நின்றவரைப் பார்த்து "நெக்ஸ்டர்!" என்றேன். அவர் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார். பந்தடிக்கத் தொடங்கிய பதினொரு மாதத்தில் முதல் தடவையாக நாங்கள் ஒரு திட்டப்படி ஆடினோம்.

பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. வார்ட்டன், வார்ட்டன், நெக்ஸ்டர்! எதிரணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்தார். குழப்பத்துக்குள் செல்வம் ஒரு கோல் போட்டுவிட்டான். ஹெர் லுட்விக் கோட்டோரத்தில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிடங்கள். எங்கள் கோலடியில் ஒரே நெரிசல். பந்து மணியண்ணையின் காலடியில் வந்து விழுந்தது. நான் முழுப் பலத்தோடு கத்தினேன்: "அப்கெலேண்ட்!"

மணியண்ணை உதைத்தார். ஹைமுக்கு வந்து பதினாலு மாதம் காத்திருந்த கால் அது. பந்து ஆகாயத்துக்குப் போனது. எதிரணியின் கோல் காப்பவர் அந்த நேரம் மைதானத்தின் நடுவரை வந்து, நாங்கள் யாரை நிராகரிக்கிறோம் என்று தன் கூட்டாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து அவர் தலைக்கு மேலால் போய், ஒரு தரம் குத்தி, மெல்ல உருண்டு வலைக்குள் புகுந்தது.

இரண்டுக்கு இரண்டு. ஒரு புள்ளி. கழகத் தலைவர் வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். செவ்வாய்க்கிழமை எங்களுடையது. நாய்களுக்குப் புதன் கொடுத்தார்கள்.

உடைமாற்றும்போது மணியண்ணை என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லாத்தான் கத்துறீர். ஆனா குசினிக்குள்ள இந்த வேலை வேண்டாம், என்ன?" என்றார்.

"இல்லையண்ணை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"பார், இப்ப எவ்வளவு நேரம் எடுக்குது!"

அந்தக் கோடையில் கடிதங்கள் வரத் தொடங்கின. சிலருக்கு அனுமதி கிடைத்து வேறு நகரங்களுக்கு வேலைக்குப் போனார்கள். சிலரை வேறு ஹைமுக்கு மாற்றினார்கள். மணியண்ணைக்கு வந்த கடிதத்தை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டார். இரண்டு கிழமை கழித்துக் கனடாவுக்குப் போய்விட்டார். அதன் பிறகு மைதானத்தில் அந்த மூன்றாவது சொல்லைக் கத்த எனக்கு வாய் வரவில்லை.

புதுப் பருவத்தின் முதல் செவ்வாய்க்கு நாங்கள் ஆறு பேர் போனோம். ஹெர் லுட்விக் எண்ணிப் பார்த்தார். ஆறு பேர் ஆடும் முறை ஒன்றைச் சொல்லித் தந்தார். ஒரு மாதத்தில் நான்கு பேர். தாளின் பின்பக்கத்தில் நான்கு பேருக்கும் ஒரு திட்டம் வரைந்துகொண்டு வந்திருந்தார். பிறகு நானும் செல்வமும் மட்டும். அதற்கும் அவரிடம் ஒரு பயிற்சி இருந்தது, சுவரில் அடித்து ஆளுக்காள் வாங்குவது.

அதற்கு அடுத்த செவ்வாய் நான் வேறு ஊரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். செல்வமும் போயிருக்கமாட்டான். அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன், கூச்சம்தான். எங்களுக்கென்று கிடைத்த பின்னேரம் அது. ஹெர் லுட்விக் சைக்கிளில் வந்து, பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டும்வரை நின்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.