மொழிபெயர்க்காமல் விட்ட தண்ணீர்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். தெரிந்தே, தெளிவான உச்சரிப்போடு, நான்கு நாட்டுத் தூதர்களின் முன்னிலையில்!

அவசரப்பட்டு என்னை எடைபோட வேண்டாம். என் ஆங்கிலம் உடுவில் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே ரீச்சராகிப் படிப்பித்த ஆங்கிலம். ஒரு சொல் பிசகினாலும் மேசையில் தட்டிய ஆசிரியைகளிடம் கற்றது. எச்.ஐ.வி. பற்றிய துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கியவளும் நானே. ‘தொட்டால் தொற்றாது, ஒரே கோப்பையில் குடித்தால் தொற்றாது, ஒரே கிணற்றில் அள்ளினால் தொற்றாது’... அந்த வரிகள் என்னுடையவை. சுவரில் அவற்றைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிரும். இன்றைக்கும் நிமிர்கிறது. அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

எய்ட்சை ஒழிக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்யும் வேலையைப் பார்க்கத் தூதர்கள் யாழ்ப்பாணம் வந்திருந்தார்கள். நோயோடு வாழும் ஒருவரின் வாயால் கேட்க வேண்டும் என்றார்கள். அவளுடைய அந்தரங்கத்தைக் காப்பதற்காக, அறைக்குள் அவர்களும் நானும் அந்தப் பெண்ணும் மட்டுமே இருந்தோம். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தாம்.

அவள் பெயர் தவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பாய்க்காரி. நோய் கணவனிடமிருந்து வந்தது, அவன் இறந்துவிட்டான். மருந்துக் குளிசையை ஒருநாளும் தவறவிடாதவள். அதனால் மகள் நோயின்றிப் பிறந்தாள். அதை அவள் சொல்லச் சொல்ல நான் எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தேன், தெரியுமா! மூத்த தூதரான நரைத்தலை அம்மையார் கண்ணைத் துடைத்தார். எத்தனை தேசங்கள் கைகோத்து அனுப்பிய மருந்து, எங்கள் மண்ணில் ஒரு பிள்ளையைக் காத்திருக்கிறது! எனக்குப் புல்லரித்தது.

பிறகு தவம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“குளிசைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா என்ரை கிணத்திலை என்னை அள்ள விடினமில்லை. உறுதியிலை எனக்கும் பங்கிருக்கு. மச்சான் வீட்டுக்காரர் வாளியைக் கழட்டிக்கொண்டு போட்டினம். உங்களிலை ஒராள் வாங்கோ. நான் அள்ளித் தாறன், சனத்துக்கு முன்னாலை ஒருக்காக் குடிச்சுக் காட்டுங்கோ. நீங்கள் குடிச்சா எங்கடை சனம் நம்பும்.”

எங்கள் ஊரில் கிணற்றுக்கும் பங்குண்டு. காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிச் சீதனமாகவும் கொடுப்பார்கள். அந்தப் பங்குக்காரியை விரட்டுவதா? ஐயோ... இந்தக் குடாநாட்டில் கிணற்றடியிலிருந்து சாதி சொல்லி யார் யாரை விரட்டினார்கள் என்ற பழைய கதையெல்லாம் உங்களுக்குத் தெரியுந்தானே! அதை வெளிநாட்டார் முன் அவிழ்ப்பதா? படித்த சனம் என்று பேரெடுத்த யாழ்ப்பாணத்தை, என் வாயாலேயே சந்தி சிரிக்க வைப்பதா?

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “உங்கள் நாடுகளுக்கு இவர் நன்றி சொல்கிறார். உறவினர்கள் இவரை அன்பாகப் பார்க்கிறார்களாம். ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டுமாம், அவ்வளவு சுவையாம்.”

அம்மையார் சிரித்துத் தலையாட்டினார். தவத்தின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தவம் கேட்டாள்: “ஓமெண்டு தலையாட்டினவா. வருவா என்னக்கா?”

“ஓம் பிள்ளை... வருவா.”

வந்திருப்பார்! அதுதான் என்னைக் குடைகிறது. அன்று காலை கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் நின்ற மனுசி அவர். கேட்டிருந்தால் அன்று பின்னேரமே கோப்பாயில் நின்றிருப்பார். அவர் என்னைப் பாராட்டிக் கைகுலுக்கிய படம் என் விறாந்தையில் தொங்குகிறது. கழற்ற எனக்கு மனம் வரவில்லை. நல்ல படம்.

அம்மையார் வருவார் என்று தவம் அயலெல்லாம் சொல்லிவிட்டாள். மாதங்கள் போயின. “எங்கை உன்ரை வெள்ளைக்காரி?” என்று மச்சான் வேலிக்கு மேலால் நக்கலடிக்கிறானாம். அவளோ சைக்கிளில் பிளாஸ்டிக் கான் கட்டி, றோட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வருகிறாள்.

போன கிழமை உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சித்திரை வெயில். வேலிக்கு அப்பால் மச்சான் வீட்டுக்காரர் மூன்று பேர் நின்று பார்த்தார்கள். தவம் சில்வர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வெய்யிலுக்கை வந்தனீங்கள். குடியுங்கோ அக்கா.”

தூதர் எதற்கு? நான்கு நாடு எதற்கு? உடுவில் ரீச்சர் குடித்தாள் என்றால் அந்த ஒழுங்கை வீடுகள் முழுக்கப் பரவியிருக்கும்! நோய்க்கு நான் பயப்படவில்லை, சத்தியமாக. வேலிக்கு அப்பால் நின்ற அந்த மூன்று பேருக்குத்தான் பயந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்...

“வேண்டாம் பிள்ளை. இப்பதான் தேத்தண்ணி குடிச்சனான்.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி நின்று, அந்தத் தண்ணீரைத் தானே குடித்து முடித்தாள். எவ்வளவு நிமிர்வு! அவளை நினைத்தும் எனக்குப் பெருமைதான்... அதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சொல்லப் போன உண்மையைச் சொல்லவில்லை. தேத்தண்ணீரும் பொய். காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல், தாகத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.