வாயை ஊதிக் காட்டும் கூட்டம்

1946-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலேகால் மணி. ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி அருப்புக்கோட்டைக் கடைவீதியில் இறைத்துக்கொண்டிருந்தது. மேகம் இருந்தது, மழை இல்லை. ஒரு மளிகைக் கடையின் மாடிக்குப் பதினேழு படி ஏறினேன். குடியை விட்டவர்களின் சங்கம் அங்கே கூடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. பள்ளிக்கூட வாத்தியார். ஐந்து வருஷமாகக் கள். அது போதாத நாளில் சாராயம். ஒன்றரை மாதத்துக்கு முன் என் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மல்லாங்கிணற்றில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அழைத்துவரப் போன என்னை மாமனார் வாசலிலேயே நிறுத்தினார்.

"நாப்பத்தோரு நாளு வாயில படாம இருங்க மாப்ள. கூட இருந்து பாத்தவன் ஒருத்தன் வந்து எங்கிட்டச் சொல்லட்டும். அப்புறம் அனுப்புறேன். நீங்க சொல்லிச்சொல்லி எங்காது புளிச்சுப்போச்சு."

ஆகவே குடியை விட்டால் மட்டும் போதாது. விட்டதைப் பார்த்த சாட்சி வேண்டும்.

மாடியில் இருபத்திரண்டு நாற்காலிகள், ஏழு பேர். மீதிப் பதினைந்து பேர் எங்கே போனார்கள் என்று யோசித்தேன். காரியதரிசி நாலணா சந்தா வாங்கிக்கொண்டு, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். உடனே, மதுவை அறவே விட்டவர் என்று அச்சடித்த சீட்டில் என் பெயரை எழுதி நீட்டினார். சத்தியம் செய்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அன்று பொழுது சாயக் கள்ளுக்கடைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு, அடுப்புக்கரியில் ஓடும் பஸ்ஸில் காரியாபட்டி. அங்கே கிறிஸ்தவர்கள் சிலர் குடிகாரர்களுக்காக ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். தலையில் தண்ணீர் தெளித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கதவோரமாக உட்கார்ந்தேன். யாரும் தெளிக்கவில்லை. என் சாமி எது என்றுகூடக் கேட்கவில்லை. சோறு போட்டார்கள். அது வேறு சந்தேகத்தைக் கிளப்பியது. என் முறை வந்தபோது, குடித்துப் பத்து நாள் ஆகிறது என்றேன். பதின்மூன்று பேரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு குடிகாரன் பேச்சை இப்படி நம்புகிறவர்களுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது?

ஜெபத்தை நடத்திய உபதேசியார் பஸ் ஏற்றிவிட வந்தார். "சார், பத்து நாளு கெடக்கட்டும். கடைசியாக் குடிச்சது நேத்தா, முந்தாநாளா?"

"நேத்து. தெரிஞ்சுமா ஸ்தோத்திரம் சொன்னீக?"

"இனிமே இருப்பீகன்னுதான். நாங்க நம்புற ஆளுக. ஒங்களுக்கு நம்பாத ஆளுக வேணும் சார். ஒங்க ஊருச் சாயப்பட்டறையில ஒரு கூட்டம் இருக்கு. அவுக பெத்த தகப்பனையே நம்பமாட்டாக."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். புதிய இடம், மரியாதையாகப் போக வேண்டும் என்று அரையணாவுக்குக் கிராம்பு வாங்கி, இரண்டை வாயில் போட்டுக்கொண்டேன். நூலுக்குச் சாயம் தோய்க்கும் கொட்டகையின் முற்றத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கள்ளுக்கடையில் கூட்டம் சேரும் நேரத்தில், தினமும் அவர்கள் இங்கே சேர்வார்கள். முழங்கை வரை நீலமேறிய பட்டறைக்காரர் எழுந்து வந்தார்.

"வாத்தியாரா? வாங்க. ஊதுங்க."

"எதை?"

"வாயத்தான்."

ஊதினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "ஏலே, கிராம்புடா!"

ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

"இன்னிக்குச் சத்தியமாக் குடிக்கல. மரியாதைக்குப் போட்டது," என்றேன்.

"நாங்களும் பொண்டாட்டி முன்னால மரியாதைக்குத்தான் போட்டோம். நாளைக்கு வெறும் வாயோட வாங்க."

குடிக்காத நாளில் குடித்தவன் என்று விரட்டப்பட்டது அதுவே முதல் தடவை. அவர்களைப் பொய்யர்களாக்கிவிட வேண்டும் என்ற கோபத்திலேயே அன்று கள்ளுக்கடைப் பக்கம் போகவில்லை. மறுநாள் வெறும் வாயோடு போனேன். அதுதான் முதல் நாள்.

ஒவ்வொருவரும் வலது பக்கத்து ஆளின் முகத்தில் ஊத வேண்டும் என்பது அங்கே வழக்கம். மூன்று நாள் கவனித்தேன். தினமும் அதே ஆள் பக்கத்தில் அதே ஆள். இருவர் பேசிவைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? நாலாம் நாள் சொல்லிவிட்டேன். என்னோடு பத்துப் பேர். ஐந்து நிறத்தில் இரண்டிரண்டு நூல் எடுத்து, பட்டறைக்காரர் கையை மூடிக்கொள்ளட்டும். ஒரே நிறம் உருவிய இருவர் ஒருவருக்கொருவர் ஊதட்டும்.

"ஆத்தாடி! வாத்தியாரு நம்மளவிட மோசமான ஆளாவுல இருக்காரு!" என்றார் பட்டறைக்காரர். மறுநாளே நூல் வந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து எனக்கு இடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் கள்ளுக்கடைக்கு எதிரே பதினொரு நிமிஷம் நின்றேன். பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் பக்கத்து ஆளைச் சரிக்கட்டியிருப்பேன். இன்றைக்கு யார் கையில் என் நிறம் வரும் என்று தெரியவில்லை. அந்த வழியை நானே அடைத்திருந்தேன். என்னையே வைதுகொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

நாற்பத்தொன்றாம் நாளுக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டு, பட்டறைக்காரரோடு மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினேன். மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இவுக சேக்காளியா? மொதல்ல நீங்க ஊதுங்க."

பட்டறைக்காரர் சந்தோஷமாக ஊதினார். பிறகு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி குழந்தையோடு வெளியே வந்தாள்.

"சளி புடிச்ச மூக்கை வச்சுக்கிட்டு ஒங்களுக்கு என்னப்பா தெரியும்? தள்ளுங்க," என்று அவரை விலக்கிவிட்டு என் முன்னால் நின்றாள். "ஊதுங்க."

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பட்டறையில் யாரும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"கிராம்பு போடலயா?"

"இல்ல."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுக்க உள்ளே போனாள்.

திரும்பும்போது மூன்று டிக்கெட், குழந்தை மடியில். எல்லா பஸ் கட்டணமும், மாடிச் சங்கத்தின் சந்தாவும், பட்டறையில் சுக்குத் தண்ணீருக்குத் தினம் கொடுத்த காலணாவும், கிராம்புக்கு அரையணாவும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு மூன்று ரூபாய், பத்தணா, ஒன்பது தம்பிடி.