கத்தரிக் கன்றுகளுக்குக் குடை

மகளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் மழையில் ஓடிப்போய்க் கத்தரிக் கன்றுகள்மேல் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திட்ட வாயெடுத்தேன். சிரட்டையில் மழை கொட்டும் சத்தம் என்னை நான் வளர்ந்த உலு திராம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு இழுத்துப்போனது.

அடைமழை நாட்களில் பால்வெட்டு இருக்காது. ரப்பர் மரங்களில் சும்மா கிடக்கும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களை அம்மா எடுத்துவந்து கன்றுகள்மேல் கவிழ்த்துவைப்பார். ஒருநாள் விடியலில் மழை சட்டென்று விட்டது. பால்வெட்டைத் தொடங்க வந்து, மங்கில்லாத மரங்களைப் பார்த்த கங்காணி லயத்துக்கே வந்துவிட்டார். அப்பாவின் பால்வெட்டு வேலை போயிற்று என்று நாங்கள் ஒடுங்கி நின்றோம்.

“மங்கெல்லாம் எங்க?”

“கத்தரிக்குக் குடை புடிக்குது அண்ணே,” என்றார் அம்மா.

கங்காணி குரலைத் தாழ்த்தினார். “சீக்கிரம் எடு தங்கச்சி. எங்கூட்டுக்காரி மொளகா கன்னு மேல கவுத்து வச்சதயும் நான் போயி பொறுக்கணும்!”